சித்திரையில் தேறட்டும்: ஒர்க்ஸ்டேஷன் புராசஸரை ஓவர்கிளாக் செய்வதும் சோதிப்பதும்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பிரிக்கப்படப் போகிற பழைய வீடுகளைப் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி கட்டுவது என் வேலை. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு தூணையும் சுற்றிச் சுற்றி எடுத்தால் ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் படம் சேரும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முடிக்கும்வரை, இரவு பகலாகப் புராசஸரின் எல்லாக் கோர்களும் முழு மூச்சில் ஓடும். இதற்காகவே 32 கோர் கொண்ட ஏஎம்டி த்ரெட்ரிப்பர் 7970எக்ஸ் வாங்கினேன். வீட்டைப் பிரித்துத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போன பிறகு மறுபடி படமெடுக்க வழியில்லை. ஆகவே கணக்கு சீக்கிரம் முடிவதைக் காட்டிலும் பிழையில்லாமல் முடிவது எனக்குப் பெரிது. ஓவர்கிளாக்கில், அதாவது புராசஸரை நிறுவனம் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும்போது, கம்ப்யூட்டர் பெட்டி அணைந்துபோனால் கோளாறு இருப்பது உடனே தெரிந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே தப்பு விடை கொடுத்தால் யாருக்கும் தெரியாது. கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது வகையைப் பிடிப்பதற்குத்தான்.

முதலில் உங்கள் புராசஸர் இடம் கொடுக்குமா என்று பாருங்கள். இன்டெல் 2023-இல் வெளியிட்ட ஜியான் டபிள்யூ 2400, 3400 தொடர்களில், பெயர் எக்ஸ் என்று முடிபவை மட்டுமே பூட்டில்லாதவை, அதாவது ஓவர்கிளாக் செய்யக்கூடியவை. த்ரெட்ரிப்பர் 7000 வரிசைக்கு டிஆர்எக்ஸ்50 மதர்போர்டில் வழி இருக்கிறது. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்பதை இரண்டு நிறுவனங்களும் சொல்லித்தான் விற்கின்றன. இது விலை உயர்ந்த பொருள். அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

அடுத்தது கரண்ட். 7970எக்ஸ் வாங்கிய நிலையிலேயே 350 வாட் இழுக்கும். வரம்பைத் தளர்த்தினால் 500-ஐத் தாண்டுவது சுலபம். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் சுவரிலிருந்து 1,000 வாட். நம் ஊர்ப் பழைய வீடுகளில் விளக்குக்கும் ஃபேனுக்கும் இழுத்த வயர்தான் பல அறைகளில் இன்னும் இருக்கிறது. சில பிளக்குகளில் எர்த் துளை இருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தோடு கூடிய 16 ஆம்பியர் பிளக் ஒன்றைத் தனி வயரில் போட்டுக்கொள்ளுங்கள். யுபிஎஸ் சைன் வேவ் தருவதாக இருக்க வேண்டும். சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் இன்றைய பவர் சப்ளைகள் சரியாக ஒத்துழைக்காது. பவர் சப்ளையிலிருந்து புராசஸருக்குப் போகும் 8 பின் கேபிள்களை மதர்போர்டில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனையிலும் தனித்தனியாகச் செருகுங்கள். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வயர் வேண்டாம்.

கூலர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: அதன் அடித்தட்டு த்ரெட்ரிப்பரின் மூடி முழுவதையும் மூட வேண்டும். உள்ளே கோர்கள் இருக்கும் நான்கு சிப்லெட்டுகள் (சின்னச் சிப்புகள்) பரவிக் கிடக்கின்றன. சின்ன புராசஸருக்குச் செய்த தட்டு நடுவை மட்டும் தொட்டுக்கொண்டு ஓரங்களை விட்டுவிடும். தண்ணீர்க் கூலர் வைத்தால் மதர்போர்டில் புராசஸருக்கு வோல்டேஜ் தரும் விஆர்எம் பக்கம் காற்று வராது, அங்கே ஒரு சின்ன ஃபேன் திருப்பி வையுங்கள். மெமரிக்கும் அப்படியே.

இனி பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை. கை வைப்பதற்கு முன்னால், வந்த நிலையிலேயே பெட்டியை முழுதாகச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86-ஐ ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு மெமரியில் ஒரு பிழையும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு புராசஸரின் வேகத்துக்கு மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் நிரலை 10 நிமிடம் ஓட்டி மதிப்பெண், அதிகபட்ச வெப்பம், வாட், அறையின் வெப்பம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அறை வெப்பத்தை எழுதாத குறிப்பு நம் ஊரில் எதற்கும் உதவாது. ஏனென்று பின்னால் சொல்கிறேன். வேலைப் படங்கள் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். மெமரி தடுமாறும்போது எழுதப்படும் ஃபைல் எந்த நிலையில் பதியும் என்று சொல்ல முடியாது.

எல்லாக் கோருக்கும் ஒரே வேகத்தைக் கையால் பூட்டும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படிச் செய்தால் ஓரிரு கோர் மட்டும் வேலை செய்யும்போது கிடைக்கும் 5.3 கிகாஹெர்ட்ஸ் பூஸ்ட் போய்விடும். புராசஸர் எடுக்கும் வாட், வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. வோல்டேஜை 5 சதவீதமும் வேகத்தை 5 சதவீதமும் ஏற்றினால் வாட் ஏறக்குறைய 16 சதவீதம் ஏறும். ஆகவே வோல்டேஜைக் கூட்டி வேகம் வாங்குவதைவிட, அதே வாட்டுக்குள் வோல்டேஜைக் குறைத்து வேகம் வாங்குவதே நம் வெயிலுக்குப் பொருந்தும்.

அதற்கு இரண்டு திருகு போதும். பயாஸில் பிபிஓ (புராசஸர் தானாக வேகம் ஏறும் வரம்புகளைத் தளர்த்தும் இடம்) பகுதியில் பிபிடி என்பது மொத்த வாட் வரம்பு. 350-ஐ 400 ஆக்குங்கள், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். அடுத்து கர்வ் ஆப்டிமைசர்: எல்லாக் கோருக்கும் மைனஸ் 5. ஒவ்வோர் எண்ணும் சில மில்லிவோல்ட்டைக் குறைக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், சினிபெஞ்ச் ஓட்டுங்கள், நோட்டில் எழுதுங்கள். மைனஸ் 10, மைனஸ் 15 என்று இறங்கலாம். மதிப்பெண் ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், திரையில் தெரியும் கிகாஹெர்ட்ஸை நம்ப வேண்டாம். வோல்டேஜ் போதாதபோது இந்தப் புராசஸர்கள் அணைந்துபோகாமல் கடிகாரத் துடிப்பை நீட்டிச் சமாளிக்கும். வேகம், வெப்பம், வாட் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் எஃபெக்டிவ் கிளாக் (உண்மையில் ஓடிய வேகம்) என்ற வரியைப் பாருங்கள். அது மேலே காட்டும் வேகத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தால், நீங்கள் குறைத்த வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போய்விட்டது.

இப்போது சோதனை. பிரைம்95-ஐ நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய மெர்சென் பகா எண் (2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்த பகா எண்) தேடலுக்காக எழுதப்பட்டது அது. ஒரே எண்ணை நாள்கணக்கில் பரிசோதிக்கும் அந்த வேலையில் ஒரு பிட் புரண்டாலும் முழு உழைப்பும் வீண். அதனால் நடுவழியிலேயே விடையைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதன் உள்ளேயே இருக்கிறது. டார்ச்சர் டெஸ்ட்டில் முன்பே விடை தெரிந்த கணக்குகளைப் போட்டு, உங்கள் புராசஸர் கொடுத்த விடையோடு ஒப்பிடும். ரவுண்டிங் பிழை என்றோ ஹார்டுவேர் ஃபெயிலியர் என்றோ ஒரு வரி வந்தால், பெட்டி எவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த அமைப்பு தோற்றுவிட்டது. 'ஒரு தடவைதானே' என்று விடாதீர்கள்.

அதில் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற தேர்வு புராசஸரின் உள் மெமரியான கேஷுக்குள்ளேயே சுழல்வதால் வெப்பத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும். ஒரு மணி நேரம் ஓட்டினால் கூலரின் யோக்கியதை தெரிந்துவிடும். லார்ஜ் எஃப்எஃப்டி மெமரி கன்ட்ரோலரையும் மெமரியையும் பிடித்து உலுக்கும். அதை ஓர் இரவு முழுக்க விடுங்கள். இன்னோர் இரவு ஒய்-கிரஞ்சர் என்ற நிரல். அது வேறு வகைக் கணக்குகளைப் போட்டு விடையைத் தானே சரிபார்க்கும். பிரைம்95-இல் தேறியவை இதில் தோற்பதுண்டு. லினக்ஸில் வேலை செய்பவர்கள் ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற சோதனை நிரலை வெரிஃபை தேர்வோடு ஓட்டலாம்.

முழுச் சுமையில் தேறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி பெட்டியைக் கொண்டுவந்தார். "அண்ணே, ரெண்டு நாள் ரெண்டர் ஓடினாலும் ஒண்ணும் ஆகலை. காலையில சும்மா பிரவுசரைத் திறந்தா அணைஞ்சிடுது" என்றார். கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30 வைத்திருந்தார். எல்லாக் கோரும் ஓடும்போது வேகம் குறைவு, அந்த வேகத்துக்கு அந்த வோல்டேஜ் போதும். ஒரே கோர் விழித்து 5.3-க்குத் தாவும்போதுதான் போதாமல் போகிறது. இதைப் பிடிக்க கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் இருக்கிறது. கோர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கும். கோருக்கு 10 நிமிடம் என்றால் 32 கோருக்கு 5 மணி 20 நிமிடம். தூங்கப் போகும்போது போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். தோற்ற கோருக்கு மட்டும் மைனஸை 3 அல்லது 5 குறைத்து (மைனஸ் 15 என்றால் மைனஸ் 12 அல்லது 10 ஆக்கி) மறுபடி ஓட்டுங்கள். மென்பொருளில் நட்சத்திரம் போட்டுக் காட்டும் சிறந்த கோர்களே பெரும்பாலும் முதலில் தோற்கும். அவை ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் ஓடுகிறவை. தம்பியின் பெட்டியில் இரண்டு கோரைத் தளர்த்தியதும் பிரச்சினை தீர்ந்தது.

ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து, ஹார்டுவேர் பிழைகளைக் குறிக்கும் வீயா (WHEA) என்ற பெயரில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எண் 18 என்றால் திருத்த முடியாத பிழை. 19 என்றால் திருத்தப்பட்ட பிழை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. த்ரெட்ரிப்பர் 7000-க்குப் போடும் ஆர்டிம் வகை மெமரியில் இசிசி என்ற பிழைதிருத்தும் ஏற்பாடு இருப்பதால், ஒற்றை பிட் பிழைகளை அதுவே சத்தமில்லாமல் திருத்திவிடும். நல்ல வசதிதான். அதனாலேயே பதிவேட்டைப் பார்க்காதவருக்கு மெமரி தடுமாறுவது தெரியாமலும் போகும். மெமரி வேகத்தை ஏற்றுவதாக இருந்தால், புராசஸர் வேலை முழுதும் தேறிய பிறகு தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அறை வெப்பத்துக்கு வருகிறேன். மார்கழியில் என் அறை 26 டிகிரி இருக்கும். சித்திரையில் பிற்பகல் 37. காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, அறைக் காற்றைவிடப் புராசஸரைக் குளிர்விக்க முடியாது, அறை ஏறுகிற அளவு புராசஸரும் ஏறும். மார்கழியில் 82 டிகிரியில் அழகாகத் தேறிய அமைப்பு சித்திரையில் 93-க்குப் போகும். 7970எக்ஸின் எல்லை 95. சூடான சிலிக்கானில் கசிவு மின்னோட்டமும் கூடுவதால் வாட் இன்னும் கொஞ்சம் ஏறும். ஆகவே குளிர்காலத்தில் ஓவர்கிளாக் செய்பவர்கள் ஸ்மால் எஃப்எஃப்டியில் 75-ஐத் தாண்டாத இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பங்குனி கடைசியில் ஒரு தடவை, அக்கினி நட்சத்திரத்தில் ஒரு தடவை முழுச் சோதனையையும் திரும்ப ஓட்டுங்கள்.

ஏசி இருக்கிறதே என்பவர்களுக்கு: கரண்ட் போனால் யுபிஎஸ் பெட்டியைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. மூடிய அறைக்குள் 600 வாட் ஹீட்டர் ஓடுவது போலத்தான். ஏசியை அணைத்துக் கதவைச் சாத்தி, யுபிஎஸ் தாங்கும் நேரம் வரைக்கும் பிரைம்95 ஓட்டிப் பாருங்கள். நான் பெட்டியை வளவை (நடுமுற்றத்தை) ஒட்டிய அறையில் வைத்திருக்கிறேன். சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் நண்பகல் வெயிலைத் தாங்கும், ஆனால் பல மணி நேரம் ஓடிய பிறகு சுவரே சூட்டைப் பிடித்துக்கொண்டு விடிய விடியத் திருப்பிக் கொடுக்கும். வளவுப் பக்கக் கதவைத் திறந்து சூடான காற்றை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். நம் செம்மண் தூசு ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே மாவாகப் படியும். வெயில் காலத்தில் மாதம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவாவிட்டால் போன மாதத்துச் சோதனை முடிவு செல்லாது.

என் பெட்டியில் இப்போது பிபிடி 400, பெரும்பாலான கோர்களுக்கு மைனஸ் 12, நட்சத்திரக் கோர்களுக்கு மைனஸ் 5. உங்கள் சிலிக்கான் வேறு, அதனால் இதை அப்படியே எடுக்க வேண்டாம். தேறிய அமைப்பை பயாஸ் புரொஃபைலாக யுஎஸ்பியில் சேமித்து, எண்களை நோட்டிலும் எழுதி வையுங்கள். பயாஸ் புதுப்பித்தால் எல்லாம் அழிந்துவிடும், புதுப்பித்த பிறகு பழைய எண்களே தேறும் என்றும் இல்லை. பல மாதம் கழித்து ஒரு வீயா 19 பதிவானாலும் அன்றைக்கே எல்லாக் கோருக்கும் மைனஸை 3 தளர்த்திவிட்டு, அந்த இரவே கோர்சைக்ளரைப் போட்டுவிடுங்கள். நடந்துகொண்டிருந்த வேலையை, கடைசியாகச் சுத்தமாக முடிந்த கட்டத்திலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.