லினக்ஸ் மேசைக்கணினிப் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸுக்கு வைரஸே வராது என்று நம்பிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. விண்டோஸுக்காக எழுதப்பட்ட தீநிரல்கள் பொதுவாக லினக்ஸில் இயங்குவதில்லை. மின்னொப்பம் சரிபார்க்கப்பட்ட பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து நிறுவும் வழக்கமும் பெரிய காப்புதான். ஆனால் ரூட் எனும் முழு அதிகாரக் கணக்கின் கடவுச்சொல் கிடைக்காத தீநிரலால் எதுவும் செய்ய முடியாது என்று எண்ணுவது ஆபத்தானது. ஆவணங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், தொலைக் கணினிகளுக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாம் பயனரின் முகப்புக் கோப்புறையில்தான் இருக்கின்றன. அவர் கணக்கில் இயங்கும் எந்த நிரலும், தனியாக அடைத்து வைக்கப்படாதவரை, ரூட் அனுமதி கேட்காமலே அவற்றைப் படித்து வெளியே அனுப்பிவிடலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவியதோடு கவலை தீர்ந்தது என்று இருந்துவிடுவது. தனியாக அமைக்காவிட்டால் அது நாம் சொல்லும்போது மட்டுமே கோப்புகளைச் சோதிக்கும். மின்னஞ்சல் வழங்கிகளிலும், விண்டோஸ் பயனர்களுக்குக் கோப்புகளை அனுப்புவோரிடத்திலும் அதற்கு உண்மையான பயன் உண்டு. மற்றவர்களுக்கு அது கட்டாயமில்லை என்பதே என் கருத்து. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளிந்திருந்த பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வெளிப்பட்டதும் வைரஸ் தடுப்பு மென்பொருளால் அன்று; எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஒரு பொறியாளரால்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் நிறுவுவது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வெளியீட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பைப் பயனர்கள் பதிவிறக்கும்படி செய்தார்கள். 2025 ஜூலையில் ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்தில், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளின் பெயரைத் தாங்கிய பொதிகளில் தொலைக்கட்டுப்பாட்டுத் தீநிரல் இருந்தது தெரியவந்து, அவை நீக்கப்பட்டன. அங்கே யார் வேண்டுமானாலும் பொதியை ஏற்றலாம் என்பதால், நிறுவும் முன் அதன் உருவாக்கக் கோப்பைப் படித்தே ஆகவேண்டும். இணையத்தில் கண்ட கட்டளையைப் புரியாமல் ரூட் அதிகாரம் தரும் சூடோவுடன் முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஒட்டுவதும் இதே தவறுதான்.

வலைப்பின்னல் இணைப்புகளை வடிகட்டும் தீயரணைப் பொறுத்தவரை, வீட்டு ரௌட்டர் இருக்கிறதே என்று கணினியின் தீயரணை அணைத்தே வைத்திருப்பது சரியன்று, ஏனெனில் மடிக்கணினி பொது வைஃபையிலும் இணைகிறது. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற தீயரண் கருவி நிறுவப்பட்டே வந்தாலும் இயல்பில் அணைந்தே இருக்கும். இயக்க ஒரு கட்டளை போதும். 2024 செப்டம்பரில் வெளியான கப்ஸ் அச்சுச் சேவையின் குறைபாடுகள், யூடிபி 631 என்ற வலைத்துறை (தரவு உள்ளே வரும் எண்ணிட்ட வாயில்) திறந்திருந்த கணினிகளைத் தாக்க வழிவிட்டன. உள்வரும் இணைப்புகளை மறுக்கும் தீயரண் அவ்வழியை அடைத்திருக்கும். ஆனால் அது இயல்பில் வெளிச்செல்லும் இணைப்புகளைத் தடுப்பதில்லை. நிரல்களைக் கொள்கலன்களில் தனித்து இயக்கும் டாக்கர் வெளிப்படுத்தும் துறைகளோ யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டியே திறக்கின்றன. ஆகவே கொள்கலனின் துறையை அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியோடு மட்டும் பிணைக்க வேண்டும்.