பைத்தான் ஸ்க்ரிப்ட் மூலம் உருவாக்கும் எக்செல் கோப்பில் செல்லுக்குப் பெயர் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வரி விகிதம் பி2 செல்லில் இருந்தால், ஒவ்வொரு ஃபார்முலாவிலும் பி2 என்று எழுதுவதைவிட அந்தச் செல்லுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவது நல்ல பழக்கம், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் ஃபார்முலா புரியும். ஆனால் ஒன்று: எக்செலில் கையால் செய்யும்போது தப்பான பெயரை அதுவே ஏற்காது. பைத்தானில் எழுதும்போது பல நேரம் அப்படித் தடுக்க ஆளில்லை.

முதல் தவறு பெயரிலேயே நடக்கும். 18 சதவீத வரிக்கு ஜிஎஸ்டி18 என்று வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். எக்செல் 2007-இலிருந்து நெடுவரிசைகள் எக்ஸ்எஃப்டி வரை மொத்தம் 16,384. அதில் ஜிஎஸ்டி என்பதும் ஒரு நெடுவரிசை, ஆகவே ஜிஎஸ்டி18 என்பது ஏற்கெனவே ஒரு செல்லின் முகவரி! நடுவில் ஓர் அடிக்கோடு போட்டால் சரியாகிவிடும். எக்செல் கோப்பு எழுத உதவும் பைத்தான் நூலகங்களில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் இதற்கு எச்சரிக்கை தரும், ஓப்பன்பைஎக்ஸ்எல்லிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

இதைவிட மோசமானது, பெயர் எந்தச் செல்லைக் குறிக்கிறது என்று முகவரி கொடுக்கும்போது டாலர் குறியை விட்டுவிடுவது, ஏனென்றால் பிழைச் செய்தியே வராது. டாலர் இல்லாமல் பி2 என்று கொடுத்தால், கோப்பில் அது ஏ1-இலிருந்து ஒரு வரிசை கீழே, ஒரு நெடுவரிசை வலப்பக்கம் என்றுதான் பதிவாகும். அந்தப் பெயரை சி5-இல் பயன்படுத்தினால் டி6-இல் இருப்பதை எடுத்துக் கணக்குப் போடும், எண்ணும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் எழுத்துக்கு முன்னால் ஒன்று, எண்ணுக்கு முன்னால் ஒன்று என இரண்டு டாலரையும் கட்டாயம் போடுங்கள். ஷீட் பெயரில் இடைவெளி இருந்தால் அதை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்.

அடுத்த தவறு, பெயரை வைத்துவிட்டு ஓப்பன்பைஎக்ஸ்எல்லில் நடுவே வரிசை சேர்ப்பது. எக்செல் என்றால் பெயரையும் சேர்த்து நகர்த்தும். இங்கே தரவு மட்டும் கீழே போகும், பெயர் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். தரவு முழுவதையும் எழுதி, கடைசி வரிசை எது என்று தெரிந்த பிறகு பெயர் வையுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய நிரல்களில் புதுப் பெயரை அப்பெண்ட் (append) என்ற கட்டளையால் பெயர்ப் பட்டியலோடு சேர்த்திருப்பார்கள். ஓப்பன்பைஎக்ஸ்எல் 3.1-இல் அந்தப் பட்டியல் டிக்‌ஷனரியாக மாறிவிட்டதால் அது ஓடாது, அப்பெண்ட் என்பதை ஆட் (add) என்று மாற்றுங்கள்.