'இல்' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? முன்னிடைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வழி

ஆங்கிலத்தில் பிழையின்றி வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர்கள்கூட 'இன்', 'ஆன்', 'அட்' ஆகிய மூன்று சிறிய சொற்களின் முன்னால் தயங்கி நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தயக்கத்திற்குக் காரணம் அறியாமையன்று. பையில், மேசையில், நிலையத்தில் என்று நாம் ஒரே உருபை வைத்துச் சொல்லும் மூன்று இடங்களுக்கு ஆங்கிலம் மூன்று வெவ்வேறு சொற்களைக் கேட்கிறது. ஆகவே 'இல்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடும் வரைக்கும் சரியான விடை கிடைக்காது. இத்தகைய சொல்லை முன்னிடைச்சொல் (ஆங்கிலத்தில் 'ப்ரெபொசிஷன்') என்கிறோம். அதற்கு அருகில் நிற்கும் சொல் எது, அது எதை வேண்டுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இடத்தைக் குறிக்கும்போது நம் மொழியே துணை செய்யும். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் பொருளை விரிக்கும்போது கண், கால், புறம், அகம், உள், கீழ், மேல், பின், முன், இடை என்று ஒரு நீண்ட வரிசையைத் தருகிறது. இந்த நுட்பங்கள் தமிழில் இல்லாதவை அல்ல; அன்றாடப் பேச்சில் அவற்றை எல்லாம் 'இல்' ஒன்றே சுமந்து செல்வதால் நமக்கு அவை கண்ணில் படுவதில்லை. எனவே எழுதுமுன் அந்த 'இல்'லை எடுத்துவிட்டு 'உள்', 'மேல்' ஆகியவற்றை வைத்துப் பாருங்கள். பையில் என்பது பைக்குள் என்று மாறினால் 'இன்'. மேசையில் என்பது மேசைமேல் என்று மாறினால் 'ஆன்'. உள்ளா மேலா என்ற கேள்விக்கே இடமில்லாமல், வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவதுபோல் இடத்தை மட்டும் சொல்கிறோம் என்றால் 'அட்'.

சுவரில் படம் இருக்கிறது, சுவரில் விரிசல் இருக்கிறது என்னும் இரண்டு வாக்கியங்களையும் இவ்வாறு சோதியுங்கள். படம் சுவரின் பரப்பின்மேல் தொங்குவதால் அது 'ஆன் த வால்'. விரிசல் சுவரின் உடலுக்குள் ஓடுவதால் அது 'இன் த வால்'. மரத்தில் பழுத்த பழம் கிளையோடு ஒட்டியிருப்பதால் 'ஆன் த ட்ரீ', மரத்தில் அமர்ந்த பறவை இலைகளுக்கும் கிளைகளுக்கும் நடுவில் இருப்பதால் 'இன் த ட்ரீ'. ஒரே ஊரும் பார்வைக்கேற்ப மாறும். என் தோழி விழுப்புரத்தில் வசிக்கிறாள் என்றால் 'இன் விழுப்புரம்'. ரயில் விழுப்புரத்தில் நிற்கும் என்றால் அது பாதையில் ஒரு புள்ளி, ஆகவே 'அட் விழுப்புரம்'. இதில் மனப்பாடத்திற்கு வேலை குறைவு, மனத்தில் காட்சியை வரைந்துகொள்வதற்கே வேலை அதிகம் என்பது என் அனுபவம்.

ஊர்திகளுக்குத் தனி வழக்கு உண்டு. எழுந்து நின்று நடமாடக்கூடிய பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றுக்கு 'ஆன்'. குனிந்து ஏறி உட்காரும் கார், ஆட்டோ ஆகியவற்றுக்கு 'இன்'. மேலே அமர்ந்து செல்லும் மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மறுபடியும் 'ஆன்'. எதில் வந்தீர்கள் என்ற கேள்விக்குப் பொதுவாக விடை சொல்லும்போது 'பை பஸ்' என்பது சரி. ஆனால் 'பை மை கார்' என்பது பிழை. 'மை' போன்ற ஒரு சொல் நடுவில் வந்துவிட்டால் 'இன் மை கார்' என்றே எழுத வேண்டும். நடந்து வந்தேன் என்பதை 'பை வாக்' என்று எழுதுவோர் பலர். அது 'ஆன் ஃபுட்'.

காலத்திற்கு வருவோம். இங்கே தமிழ் உருபுகளுக்கும் ஆங்கிலச் சொற்களுக்கும் இடையில் வியப்பூட்டும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஐந்து மணிக்கு என்று 'கு' வந்தால் 'அட்'. மே மாதத்தில், 2024இல் என்று 'இல்' வந்தால் 'இன்'. திங்கட்கிழமை வருகிறேன் என்று உருபே இல்லாமல் நாளைச் சொன்னால் 'ஆன்'. இரவில் என்பதற்கு மட்டும் 'அட் நைட்' என்று வரும். திங்கட்கிழமை காலையில் என்று நாளும் பொழுதும் சேர்ந்து வந்தால் நாளே வெல்லும், 'ஆன்' வரும். சென்ற திங்கள், அடுத்த திங்கள் என்று 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்' சேர்ந்துவிட்டால் முன்னிடைச்சொல்லே தேவையில்லை.

இதைவிடப் பயனுள்ள ஒழுங்கு 'சின்ஸ்', 'ஃபார்' ஆகியவற்றில் உண்டு. 2015 முதல் இங்கே பணிபுரிகிறேன் என்று தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. பத்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன் என்று 'ஆக' சேர்த்து அளவைச் சொன்னால் 'ஃபார்'. நம்மவர்கள் முதல் வகையை 'ஃப்ரம் 2015' என்று எழுதுவதும், வினையை 'ஐ ஆம் ஒர்க்கிங்' என்று நிறுத்திவிடுவதும் வழக்கம். 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015' என்பதே முழுமையான வடிவம்.

'உள்' என்னும் சொல் ஓரிடத்தில் நம்மைத் தவறாக இழுத்துச் செல்லும். ஐந்து மணிக்குள் அனுப்புங்கள் என்பதை 'விதின் ஃபைவ் ஓ கிளாக்' என்று அலுவலக மின்னஞ்சல்களில் எழுதுகிறார்கள். 'விதின்' கால அளவோடு மட்டுமே சேரும்: இரண்டு நாட்களுக்குள் என்றால் 'விதின் டூ டேஸ்'. கெடு ஒரு குறிப்பிட்ட நேரமோ நாளோ என்றால் 'பை ஃபைவ்', 'பை மண்டே'. ஐந்து மணி வரை காத்திருப்பேன் என்பது இவை இரண்டும் அன்று; அது 'அன்டில் ஃபைவ்'. 'பை' என்றால் அதற்குமுன் எப்போது வேண்டுமானாலும் ஒருமுறை நடந்து முடிவது, 'அன்டில்' என்றால் அதுவரை இடைவிடாமல் நீடிப்பது.

இடமும் காலமும் முடிந்தால் மீதமுள்ள எல்லாவற்றையும் வினைச்சொல்லும் பெயரடையுமே முடிவு செய்கின்றன. அங்கே காரணம் தேடுவது பெரும்பாலும் வீண். தமிழிலும் அப்படித்தான்: அவரைச் சந்தித்தேன், அவரோடு பேசினேன், அவரிடம் கேட்டேன், எனக்கு அவரைத் தெரியும் என்று ஒவ்வொரு வினையும் தனக்கு வேண்டிய உருபைத் தானே அழைத்துக்கொள்கிறது. அதைக் குழந்தைப் பருவத்தில் காதால் பெற்றுவிட்டதால் நமக்கு அது சுமையாகத் தெரியவில்லை.

உருபை அப்படியே பெயர்ப்பதால் வரும் பிழைகளில் சில மிகப் பரவலானவை. கணக்கில் கெட்டிக்காரர் என்பது 'குட் இன்' அன்று, 'குட் அட்'. அவன்மேல் கோபம் என்பது 'ஆங்ரி ஆன்' அன்று, 'ஆங்ரி வித்'. அவரோடு திருமணமாயிற்று என்பதில் 'ஓடு' இருந்தாலும் ஆங்கிலம் 'மேரிட் டூ' என்கிறது. பாட்டைக் கேட்டேன் என்பதில் இரண்டாம் வேற்றுமை வருவதால் 'டூ'வை விட்டுவிடுகிறோம். 'லிசன்' அதை விடாது. மறுபுறம், அதைப் பற்றி விவாதித்தோம் என்பதால் 'டிஸ்கஸ்'ஸுக்குப் பின் 'அபவுட்' சேர்க்கிறோம். அந்த வினைக்கு எதுவும் வேண்டாம். 'ரீச்' வினைக்கும் அப்படியே, 'ரீச்ட் சென்னை' போதும். அதே பொருள் தரும் 'அரைவ்' மட்டும் ஊருக்கு 'இன்', நிலையத்திற்கு 'அட்' என்று கேட்கும்.

இவற்றைக் கற்க நான் பரிந்துரைப்பது ஒரு குறிப்பேடு. புதிய சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் துணையோடு சேர்த்து எழுதுங்கள்: 'டிபெண்ட்' என்று எழுதாமல் 'டிபெண்ட் ஆன்' என்றும், பக்கத்தில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு முழு வாக்கியமும். கற்போருக்கென்றே தொகுக்கப்பட்ட ஆங்கில அகராதிகளில் ஒவ்வொரு சொல்லோடும் எந்த முன்னிடைச்சொல் வரும் என்பது எடுத்துக்காட்டோடு தரப்பட்டிருக்கும். ஆங்கிலம் - தமிழ் அகராதிகள் பலவற்றில் அது இருக்காது. கூகுள் 2010இல் வெளியிட்ட என்கிராம் வியூவர் என்னும் இலவசக் கருவியில் 'டிபெண்ட்ஸ்' என்று தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு ஒரு நட்சத்திரக் குறி இட்டால், அச்சிட்ட நூல்களில் அந்த இடத்தில் அதிகம் வரும் பத்துச் சொற்களைக் காட்டும். பிரிட்டிஷ் நூல்களையும் அமெரிக்க நூல்களையும் தனித்தனியே பார்க்கவும் அதில் வசதி உண்டு. வார இறுதிக்கு முன்னவர்கள் 'அட்' என்றும் பின்னவர்கள் 'ஆன்' என்றும் எழுதுவது போன்ற வேறுபாடுகளை அதில் நேரே காணலாம்.

சில வினைகள் இரண்டு முன்னிடைச்சொற்களையும் ஏற்று, பொருளை மாற்றிக்கொள்ளும். பந்தை அவனிடம் எறிந்தேன் என்றால் அவன் பிடிப்பதற்காக, ஆகவே 'த்ரூ டூ'. அவன்மீது எறிந்தேன் என்றால் அடிப்பதற்காக, ஆகவே 'த்ரூ அட்'. 'ஷவுட்' வினையும் இப்படியே: தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னால் 'டூ', சினந்து கத்தினால் 'அட்'. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் இவற்றில் ஒன்று வந்தால், அனுப்புமுன் அந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள்.