ஒற்றை ஆளாக லிஃப்ட் வைத்து சீலிங் போர்டு ஏற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் உச்சிப்புளியில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பக்கத்து அறையில் ஒரு தம்பி தனியாக நின்று லிஃப்டில், அதாவது கைச்சக்கரம் சுற்றி போர்டை மேலே தூக்கிப் பிடிக்கும் கருவியில், ஜிப்சம் போர்டு ஏற்றிக்கொண்டிருந்தார். போர்டு ஃபிரேமைத் தொட்டுவிட்டது. ஆனாலும் கைச்சக்கரத்தை இன்னும் அரைச் சுற்று, இன்னும் கால் சுற்று என்று இறுக்கிக்கொண்டே போனார். மேலே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவர் கவனிக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கீழக்கரையில் தனியாக எடுத்த முதல் வேலையில் அதே சத்தத்தைக் காதில் வாங்காமல் விட்டவன் நான்.

கண்ணாடி போடு, லிஃப்டின் கீழ்ச்சக்கரத்தைப் பூட்டு என்பதெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

தொட்ட பிறகும் இறுக்குவது

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத்தான் பலரும் லிஃப்டைக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே போர்டை மர உத்தரத்தில் நேராக அடிக்கிறார்கள். எவ்வளவு அழுத்தினாலும் உத்தரம் அசையாது. நம்மூரில் அப்படி இல்லை. மேல்தளத்திலிருந்து தகர ஆங்கிள்களில் ஜிஐ (துத்தநாகம் பூசிய தகர) ஃபிரேம் தொங்குகிறது. கீழே இழுத்தால் அந்த ஆங்கிள் எவ்வளவோ தாங்கும். கீழிருந்து மேலே தள்ளினால் மடங்கிவிடும். கயிறு மாதிரிதான், இழுக்கத் தாங்கும், தள்ளத் தாங்காது.

நாலுக்கு ஆறு அடி, அரை இஞ்ச் தடிமன் போர்டு ஒன்று சுமார் 20 கிலோ இருக்கும். பரவலாகக் கிடைக்கும் லிஃப்ட் 68 கிலோ வரை தூக்கும். போர்டு மேலே முட்டிய பிறகு நீங்கள் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும், மிச்சமிருக்கிற அந்த பலத்தை ஃபிரேம் மேல்தான் ஏற்றுகிறது. கைப்பிடி சுலபமாகச் சுற்றுவதால் கைக்கு அது தெரியாது.

கீழக்கரையில் 14-க்கு 18 ஹால், மொத்தம் 11 போர்டு. ஒரே நாளில் ஏற்றிவிட்டேன் என்று பெருமையாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக சீலிங்கில் விழுந்தது. வீட்டுக்கார உம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, மேல கடல் மாதிரி அலை அடிக்குது?” என்றார்கள். சில இடம் மேடு, சில இடம் பள்ளம். ஜாயிண்ட்டில் விரலை ஓட்டினால் நகம் தட்டியது. காம்பவுண்ட் (ஜாயிண்ட்டில் பூசுகிற மாவு) போட்டு மறைக்கப் பார்த்தேன், மறையவில்லை. 5 போர்டைக் கழற்றினேன். மடங்கின ஆங்கிள்களை மாற்றினேன். கழற்றும்போது 3 போர்டு ஓரம் உடைந்தது. அத்தனையும் என் கைக்காசு. அந்த வேலையில் ஒரு ரூபாய் நிற்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் அது துளியும் தேவையில்லாத நஷ்டம்.

இறுக்கத் தூண்டுவது பெரும்பாலும் தரைதான். டைல்ஸ் போடாத தரை வாசல் பக்கமோ பாத்ரூம் பக்கமோ சரிந்திருக்கும். லிஃப்டும் அதற்கேற்பச் சாயும். போர்டின் ஒரு ஓரம் முதலில் முட்டும், எதிர் ஓரத்தில் அரை இஞ்ச் இடைவெளி நிற்கும். அந்த ஓரத்தையும் ஒட்டவைக்கலாம் என்று கைச்சக்கரத்தைச் சுற்றுவோம். முட்டின பக்கத்து ஆங்கிள் மடங்கும். சுவரில் சாய்த்து வைத்து வயிறு விழுந்த போர்டும் இதே வேலையைச் செய்யும், நடு முட்டி ஓரம் நிற்கும்.

சரியான முறை இது. ஃபிரேமுக்கு இரண்டு இஞ்ச் கீழேயே நிறுத்துங்கள். ஏணியில் ஏறி ஓரங்களைப் பக்கத்துப் போர்டோடு சேருங்கள். லிஃப்டின் மேல்தட்டு சாய்ந்திருந்தால் கையாலேயே நேராக்குங்கள். அப்புறம் மெதுவாகச் சுற்றுங்கள், கண் மட்டத்துக்குக் கட்டிய நூலில் இருக்கட்டும். ஃபிரேம் அந்த நூலை விட்டுத் துளி ஏறினாலும் கால் சுற்று இறக்கிவிடுங்கள். மிச்ச இடைவெளியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஸ்க்ரூ போட்டால் அதுவே இழுத்துக்கொள்ளும். நடு செக்‌ஷனில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள் (ஃபிரேமில் போர்டை ஸ்க்ரூ செய்கிற தகரப் பட்டைதான் செக்‌ஷன்). செக்‌ஷன் 457 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடிக்கு ஒன்று வருவதால், ஆறடிப் போர்டின் இரண்டு முனையும் செக்‌ஷன் மேலேயே உட்காரும். ஒவ்வொரு செக்‌ஷனிலும் குறைந்தது மூன்று ஸ்க்ரூ ஏறிய பிறகே லிஃப்டை இறக்குங்கள். மீதியை 230 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பிறகு நிரப்பலாம்.

உச்சிப்புளித் தம்பியைக் கூப்பிட்டு ஆங்கிளைக் காட்டினேன். “அண்ணே, தொட்டா மட்டும் போதுமா? விழுந்துராதா?” என்று கேட்டார். லிஃப்ட் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறது, எப்படி விழும்? ஒரே ஒரு ஆங்கிள்தான் மடங்கியிருந்தது. இருவரும் சேர்ந்து இருபது நிமிடத்தில் மாற்றிவிட்டோம்.

கைப்பிடியை விட்டுவிட்டுக் கைச்சக்கரப் பூட்டை எடுப்பது

கைச்சக்கரம் திரும்பிச் சுழன்று மணிக்கட்டில் அடிக்கும்.

போர்டைத் திருப்பி ஏற்றுவது

வெள்ளை முகம்தான் கீழே வரவேண்டும்.

காற்றை மறப்பது

மண்டபம், பாம்பன் பக்கம் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் ஜன்னல் வைக்காத வீட்டில் வேலை வந்தால் முதலில் தார்ப்பாய் கட்டுங்கள். 24 சதுர அடிப் போர்டு என்பது ஒரு கப்பல் பாய்தான். மேலே ஏறிப் படுத்துவிட்டால் பயமில்லை. லிஃப்டில் ஏற்றுவதற்காகச் சாய்த்து வைத்திருக்கும் அந்த அரை நிமிடம்தான் ஆபத்து. போர்டோடு லிஃப்டும் சாய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு முதுகு காட்டி நின்று, காற்று மறைவில் ஏற்றுங்கள்.

இரும்புக் கயிற்றைப் பார்க்காமல் ஏற்றுவது

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்திலேயே, கடல் காற்றில் ஏறிய துருவினால்தான் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. உங்கள் லிஃப்டின் மெல்லிய இரும்புக் கயிறு எம்மாத்திரம்? பயன்படுத்தாத நாளில் அதை வெளித் திண்ணையில் விடாதீர்கள். வாடகைக்கு எடுத்தாலும் சரி, காலையில் கயிறு முழுவதையும் வெளியே இழுத்து, பழைய பனியன் துணியால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை துடையுங்கள். துணி எங்கேயாவது மாட்டினால் அங்கே இழை அறுந்திருக்கிறது. வெறுங்கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும். அறுந்த கயிறோடு லிஃப்டைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வேலை பாருங்கள். கயிற்றுக்கு லேசாக எண்ணெய் விடலாம். பிரேக்கில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.