பூனை இன்சுலினை விடும் வழி: டர்பன் வீடுகளுக்கு

பூனைக்குச் சர்க்கரை நோய் என்றதும் ஆயுசு முழுக்க ஊசிதான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாய்க்கு அது பெரும்பாலும் சரி. பூனைக்கு வருவதோ மனிதருக்கு வரும் இரண்டாம் வகையை ஒத்தது. கணையம் செத்துப்போவதில்லை, ஓயாத சர்க்கரையில் களைத்துக் கிடக்கிறது. சீக்கிரம் இறக்கி வைத்தால் பல பூனைகளில் மறுபடி வேலை செய்யும். கிளார்ஜின் இன்சுலினும் வீட்டுச் சோதனையும் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் தெரிந்த 6 மாதத்துக்குள் கட்டுப்பாட்டை இறுக்கிய பூனைகளில் 84 விழுக்காடு இன்சுலினை விட்டன. தாமதித்தவற்றில் 35தான். ஆகவே முதல் ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் தட்டைப் பாருங்கள். கலோரியில் மாவுச்சத்து 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பொட்டலத்தில் அதை அச்சிட மாட்டார்கள், நாமே கணக்குப் போட வேண்டியதுதான். 100இலிருந்து புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல் எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. புரதத்தையும் மாவையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கினால் கலோரி. ஈரம் 80, புரதம் 10.5, கொழுப்பு 5, சாம்பல் 2, நார் 0.5 என்றிருக்கும் டின்னில் மாவு 2. அதாவது மொத்தம் 86 கலோரியில் 7, சுமார் 8 விழுக்காடு. தாராளமாகப் போடலாம். ஈரம் 8, புரதம் 32, கொழுப்பு 12, சாம்பல் 7, நார் 3 உள்ள உலர் தீனியில் அதே கணக்கு 38 விழுக்காட்டில் வந்து நிற்கும். பையின் முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் அது வேண்டாம். கிரேவி பாக்கெட்டிலும் மாவு ஒளிந்திருக்கும், கூழாக அரைத்த பேட்டே வகை நல்லது.

நம் வீட்டுச் சாப்பாட்டில் பூனைக்கு ஆகாதது நிறைய. கறிக்குழம்பின் வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். டின் மீனின் தக்காளிச் சாற்றில் சர்க்கரை உண்டு. ஜூன், ஜூலையில் கரைக்கு வரும் சார்டினை உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்து ஒரு துண்டு கொடுக்கலாம், அதையே சாப்பாடாக்கக் கூடாது. புரட்டாசியில் வீடே சைவமானாலும் பூனையின் தட்டு சைவமாக முடியாது. அதற்கென ஒரு தட்டும் கரண்டியும் ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உணவை 7 முதல் 10 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். பெரும்பாலான விபத்து இங்கேதான் நடக்கிறது. தீனி மாறிய சில நாளிலேயே இன்சுலின் தேவை மளமளவென்று இறங்கலாம். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் பூனை சுருண்டு விழும். மாற்றப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களில் தினமும் அளந்து பாருங்கள். குண்டுப் பூனையைப் பட்டினி போடவே கூடாது, இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கும். வாரத்துக்கு உடல் எடையில் 1 விழுக்காடு குறைந்தால் போதும்.

அளப்பதற்குக் காது ஓரம்தான் இடம். சுத்தமான காலுறையில் அரிசி போட்டு மைக்ரோவேவில் இளஞ்சூடாக்கிக் காதில் அரை நிமிடம் ஒற்றுங்கள். விளிம்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவே, பின்னால் பஞ்சு வைத்து ஒரு குத்து. குத்திய இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்காவிட்டால் காது கன்றிப்போகும். முதல் வாரம் ரத்தம் சரியாக வராது, பழகப் பழக வரும். மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். எதை வாங்கினாலும் அதை மாற்றாதீர்கள். ஆரோக்கியமான பூனையின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 4 முதல் 7 மில்லிமோல். பயந்த பூனைக்கு இது சர்ரென்று ஏறும். தீபாவளி வெடிச்சத்தத்தில் எடுத்த எண்ணை நம்பி ஊசியைக் கூட்டாதீர்கள்.

பெரும்பாலும் 1 யூனிட், 12 மணிக்கொரு தடவை என்று மருத்துவர் ஆரம்பிப்பார். கேனின்சுலின் என்ற இன்சுலின் யு-40, அதாவது மில்லிக்கு 40 யூனிட். கிளார்ஜினின் கடைப்பெயரான லேண்டஸ் யு-100, மில்லிக்கு 100. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. லேண்டஸை யு-40 சிரிஞ்சில் இழுத்தால் 1 கோட்டுக்கு 2.5 யூனிட் உள்ளே போய்விடும். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கேளுங்கள். மருந்து ரோமத்தில் கொட்டிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலும் மறு ஊசி கிடையாது. பூனை சாப்பிடவில்லையென்றால் ஊசி போடுமுன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சீசாவை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். நீண்ட மின்வெட்டில் ஐஸைத் துணியில் சுற்றி, சீசாவில் படாதபடி ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான்.

குறைக்கும் வேளை வந்ததை மீட்டர்தான் சொல்லும். ஊசிக்கு முந்தைய எண் தொடர்ந்து 10க்குக் கீழே, நாளின் மிகத் தாழ்ந்த எண் 4, 5 என்று வந்தால் மருத்துவரிடம் பேசி அரை யூனிட் குறைக்கலாம். கூட்டுவதற்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும், குறைப்பதற்குப் பொறுக்க வேண்டியதில்லை. 2, 1.5, 1, அரை என்று இறங்கி, பிறகு அரை யூனிட் ஒரே வேளை. அதிலும் இரண்டு வாரம் நிலைத்தால்தான் நிறுத்திப் பார்ப்பது. ஒருநாள் 6 வந்துவிட்டதென்று சந்தோஷத்தில் நிறுத்துகிறவர்கள் அந்தக் கணையத்தை மறுபடி களைக்கவிடுகிறார்கள்.

எண் 3.5க்குக் கீழே போனால், அல்லது பூனை தள்ளாடினால், உடனே சாப்பாடு. விழுங்க முடியாமலோ வலிப்போடோ இருந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாமல், வலிப்பில் கடிபடாதபடி கோல்டன் சிரப்பை ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இரவில் திறந்திருக்கும் இடத்தின் எண்ணை இன்றே ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் இறங்கவில்லையா? பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசியின் அளவை ஏற்ற ஏற்றச் சர்க்கரை அசையாத பூனைக்கு ஐஜிஎஃப்-1 ரத்தச் சோதனை கேளுங்கள், வளர்ச்சி ஹார்மோன் கட்டியாக இருக்கலாம்.

நிறுத்தி 4 வாரம் சர்க்கரை இயல்பாக இருந்தால் அதுவே தணிவு. முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை அளந்து பாருங்கள். மறுபடி ஏறினால் காத்திருக்காமல் ஊசிக்குத் திரும்புங்கள், இரண்டாம் முறையும் தணியக்கூடும். உலர் தீனி திரும்ப வரவே கூடாது. தோல் அரிப்புக்கு யாராவது ஸ்டீராய்டு ஊசி எடுத்தால், "இது சர்க்கரை இருந்த பூனை" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.