பதின்பருவத்தினரின் பதற்றத்தை ஓவியமும் கதையும் கொண்டு மதிப்பிடுவது எப்படி?

மழையில் நிற்கும் ஒருவரைக் குடையில்லாமல் வரைந்தாலே, வரைந்தவர் பாதுகாப்பின்றித் தவிக்கிறார் என்று முடிவுகட்டிவிடும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். உளவியலாளர்களான லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் ஆகியோர் 1967இல் வெளியிட்ட ஆய்வில், மனித உருவ ஓவியங்களோடு நோய்க்குறிகளை எந்தத் தொடர்பும் இல்லாமல் இணைத்துக் காட்டியபோதும், சந்தேக குணம் உள்ளவர்கள் கண்களை வழக்கத்துக்கு மாறாக வரைகிறார்கள் என்பது போன்ற தொடர்புகளைப் பயிற்சியற்ற மாணவர்கள் ‘கண்டார்கள்’. அனுபவமிக்க உளவியலாளர்கள் நம்பிவந்ததும் அவற்றையே. எனவே ஓவியத்தைப் பேச்சைத் தொடங்கிவைக்க மட்டும் பயன்படுத்துங்கள். மதிப்பீட்டுக்கான சான்று, வரைந்தவர் அதைப் பற்றிச் சொல்லும் சொற்களில் இருக்கிறது.

வெள்ளைத் தாள், பென்சில், அழிப்பான் போதும். படத்தை யார் பார்ப்பார்கள், உயிருக்கு ஆபத்து எனத் தோன்றினால் எதைப் பெற்றோரிடம் சொல்ல நேரும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள். “எனக்கு வரைய வராது” என்பதே இந்த வயதினரின் முதல் பதிலாக இருக்கும். குச்சி உருவங்கள் போதும் என்று சொல்லி, சித்திரக்கதை போல 4 கட்டங்களைப் போட்டுக் கொடுத்தால், சிறுபிள்ளைத்தனம் என்ற கூச்சம் பெரும்பாலும் குறையும். மறுநாள் வகுப்பின் முன் பேசவேண்டிய ஒருவரின் இரவை முதல் 3 கட்டங்களில் வரையச் சொல்லுங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

வரைந்து முடித்த பின், கதாபாத்திரத்தைப் பற்றியே கேளுங்கள்: சற்று முன் என்ன நடந்தது, இப்போது இவர் மனத்தில் என்ன ஓடுகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, யாரிடம் சொல்வார், காலிக் கட்டத்தில் என்ன நடக்கும்? தன்னைப் பற்றி வாய் திறக்காத பிள்ளையும் ‘அவன்’, ‘அவள்’ என்ற மறைவில் நிறையப் பேசுவதுண்டு. குரல் நடுங்கி எல்லாரும் சிரித்துவிடுவார்கள் என்று கதை மோசமான முடிவையே நோக்கி ஓடுகிறதா, வயிற்றுவலியைச் சொல்லிப் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுகிறதா, உதவ ஒருவரும் வராமலே முடிகிறதா என்று கவனித்து, அவர் சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப அழிப்பதையும் குறிக்கலாம். ஆனால் அது பதற்றமாகவும் இருக்கலாம், நேர்த்தியாக வரையும் ஆசையாகவும் இருக்கலாம்.

அதன் பிறகே, “உனக்கும் இப்படி நேர்வதுண்டா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மௌனமாக இருங்கள், அந்த மௌனம் உங்களுக்கே சங்கடமாக இருந்தாலும். ஆம் என்றால், எத்தனை நாளாக, வாரத்தில் எத்தனை முறை, உறக்கம், படிப்பு, நட்பு ஆகியவற்றில் எது கெடுகிறது என்று நேரடியாக விசாரியுங்கள். பின்னர் கடந்த 2 வாரப் பதற்ற அறிகுறிகளை 7 கேள்விகளில் கேட்கும் ஜிஏடி-7 (GAD-7) வினாத்தாளைக் கொடுக்கலாம். மொத்தம் 21 மதிப்பெண்ணில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணரின் விரிவான பரிசோதனை தேவை. கதை கலக்கமாகவும் மதிப்பெண் குறைவாகவும் இருந்தால் எதையும் புறந்தள்ளாமல் மீண்டும் சந்தியுங்கள்.

கதையில் சாவோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ வந்தால், வரைதலை நிறுத்திவிட்டு, அத்தகைய எண்ணம் அவருக்கு உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உண்டு என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே பெற்றோருக்கும் மனநல மருத்துவருக்கும் தெரிவியுங்கள்.