ஒரு நாளைக்கு எட்டு வசனம்

காட்பாடியில் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். போன ஜனவரியில் ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையைத் தொடங்கினேன். 1189 அதிகாரம், தினம் மூன்று நான்கு. மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் வண்டி நின்றுவிட்டது. அப்புறம் பாடம் தயாரிக்க மட்டுமே வேதத்தைத் திறந்தேன். ஜெபமும் அப்படித்தான்: வீட்டுக் கூட்டத்தில் சரளமாக வரும், தனியாக முழங்காலிட்டால் இரண்டே நிமிஷத்தில் கை போனைத் தேடும்.

அட்டவணையை விட்டுவிட்டு, வேதத்திலுள்ள பாடல்களான சங்கீதங்களில் 119-ஐ மட்டும் எடுத்தேன். 176 வசனம். மூலமொழியான எபிரெயத்தின் 22 எழுத்து வரிசையில் அமைந்த பாட்டு, எழுத்துக்கு எட்டு வசனம். ஆக, 22 நாள். காலை ஐந்தரைக்கு மொட்டை மாடி. (வேலூர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்து பாருங்கள்!) போன் கீழே அரிசி டப்பா மேல். சத்தமாக இரண்டு தடவை வாசிப்பேன். ஒட்டிய வரியைப் பழைய கணக்கு நோட்டில் எழுதுவேன், அதுவே அன்றைய ஜெபம்.

உபவாசத்தில்தான் சறுக்கினேன். வெள்ளி முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, தலைவலியில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இப்போது காலை டிபன் மட்டும் கிடையாது. அந்தக் காசில், வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர் யாருக்காவது பழம்.

இது இரண்டாம் சுற்று. 83-ஆம் வசனத்தில் புகையிலுள்ள துருத்தி வருகிறது. கொல்லன் உலைத் துருத்தி என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். திராட்சரசம் ஊற்றிவைக்கும் தோல் பையாம். அந்த ஒரு வசனத்திலேயே மூன்று நாளாக நிற்கிறேன்.